பிறை பார்த்து ஒரு மாதம்: இராமநாதபுரக் கரையில் வாசிப்பும் கைவேலையும்

சின்னச் சின்ன மகிழ்ச்சிகளுக்கென்று ஒரு மாதத்தை ஒதுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றாம் தேதியன்று ஒரு நீண்ட பட்டியலுடன் தொடங்குகிறார்கள். பத்தாம் தேதிக்குள் பட்டியல் அலுத்துப் போய்விடுகிறது. அதற்குச் சோம்பலைக் குறை சொல்வது சரியன்று. அந்தப் பட்டியலுக்கும் நாம் வாழும் ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன். எந்த ஊரிலும் செய்யக்கூடிய ஒன்றை நம் ஊரில் இன்றைக்கே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இருப்பதில்லை. ஆகவே அது நாளைக்குத் தள்ளிப் போகிறது.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம் வழியாகக் கீழக்கரை, வாலிநோக்கம், சாயல்குடி வரை நீளும் நம் கரையில் நாளைக் கணக்கிட ஏற்கெனவே ஒரு முறை வழக்கில் உள்ளது. பள்ளிவாசலில் பிறை பார்த்து மாதத்தைத் தொடங்குகிறார்கள்; அக்கினி தீர்த்தத்தில் அமாவாசை பார்த்து நீராடுகிறார்கள்; கடலுக்குப் போகிறவர்கள் வளர்பிறையையும் தேய்பிறையையும் பார்த்து நீரோட்டத்தைக் கணிக்கிறார்கள். இந்தப் பிறைக் கணக்கிலேயே ஒரு மாதத்தை அமைத்துக்கொண்டு, அதற்குள் ஒரு நூல், ஒரு கைவேலை, பார்த்துக்கொண்டிருக்க ஓர் இடம் என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன். மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதாக ஒன்று சேரும்போது முதல் மூன்றும் கடமையாகிவிடுகின்றன.

எப்போது தொடங்குவது

முதன்முறை முயல்பவர்களுக்குத் தை அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி மாசி அமாவாசையில் முடியும் முப்பது திதிகளையே பரிந்துரைப்பேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய்களில் இன்னும் நீர் நிற்கும் காலம் அது. வாடைக் காற்றின் கடுமை குறைந்திருக்கும். வலசை வந்த பறவைகள் திரும்பியிருக்க மாட்டா. சந்தையில் பனங்கிழங்கு கிடைக்கும். ஓலையை உலர்த்தப் போதுமான வெயில் உண்டு, ஆளை வாட்டும் வெயில் இல்லை. தை அமாவாசையன்று இராமேசுவரத்தில் நிற்கக்கூட இடம் இராது என்பதால் அன்று அங்கே அமைதியைத் தேடிப் போக வேண்டாம். மறுநாள் உங்கள் ஊர்க் கரையில் தொடங்கினால் போதும்.

அமாவாசைக்கு மறுநாளைத் தேர்ந்தெடுப்பதற்குக் கடலும் ஒரு காரணம். நம் கரையில் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் இரண்டு முறை நீர் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழுவதால் வற்றும் நேரமும் அவ்வளவு பிந்துகிறது. அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டிய நாள்களில் சூரியனும் நிலவும் ஒரே நேர்கோட்டில் நின்று கடலை ஈர்ப்பதால் ஏற்றமும் வற்றமும் மிகுதி. அட்டமியை ஒட்டி இரண்டின் ஈர்ப்பும் குறுக்கும் நெடுக்குமாகப் பிரிவதால் மிகக் குறைவு. இங்கே அந்த வேறுபாடு ஒரு மீட்டருக்கும் உட்பட்டதுதான். ஆனால் பாக் விரிகுடாப் பக்கத்தில் கரை தட்டையாகக் கிடப்பதால் அந்தச் சிறு வேறுபாடே நெடுந்தூரத்துக்குச் சேற்று மணலைத் திறந்து காட்டிவிடும். மண்டபம், பாம்பன் பகுதிகளில் மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளை எடுக்கும் பெண்கள் இந்த இரண்டு உவா நாள்களை ஒட்டியே கடலில் இறங்குவது இதனால்தான்.

இதிலிருந்து மாதத்தின் திட்டம் தானாகவே கிடைத்துவிடுகிறது. முதல் நான்கு நாளும், பௌர்ணமியை ஒட்டிய நான்கு நாளும், கடைசி இரண்டு நாளும் கரைக்கு உரியவை. வளர்பிறை அட்டமியை ஒட்டிய வாரம் வீட்டுத் திண்ணைக்கும் ஓலைக்கும் உரியது. தேய்பிறை அட்டமியை ஒட்டி ஒருநாள் வெளியூர் போய் வரலாம். வாசிப்பு மட்டும் எல்லா நாளும் நடக்கும்; அது பத்து நிமிட வேலை.

மூன்று நாளுக்கு ஒரு பத்து

எதை வாசிப்பது என்று கேட்டால் நான் தயக்கமின்றிச் சங்கத் தொகை நூலான ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியைச் சொல்வேன். கடற்கரையில் வாழ்பவர்கள் கடற்கரையைப் பற்றிய மிகச் சிறிய பாடல்களைக் கடற்கரையிலேயே வாசிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. நூலின் 101 முதல் 200 வரையுள்ள நெய்தற் பாடல்களைப் பாடியவர் அம்மூவனார். மூன்று அடிக்குக் குறையாமலும் ஆறு அடிக்கு மிகாமலும் அமைந்த பாடல்கள் அவை. பத்துப் பத்தாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பெயர் தரப்பட்டிருக்கிறது. பத்துப் பிரிவுகள், முப்பது திதிகள்: ஒரு பிரிவுக்கு மூன்று நாள், முதல் நாள் நான்கு பாடல், அடுத்த இரண்டு நாளும் மும்மூன்று பாடல். இதைவிட இலகுவான கணக்கு வேறு இல்லை.

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி உ. வே. சாமிநாதையர் 1903இல் இந்நூலைப் பதிப்பித்தார். பின்னர் ஔவை துரைசாமிப் பிள்ளை விரிவான விளக்கவுரை எழுதினார். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சங்க இலக்கிய அடுக்கில் முதலில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் கேட்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கைபேசியில் படிப்பதானால் அன்றன்றைய பாடல்களை முன்னதாகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. எழுதும்போதே பாதிப் பொருள் விளங்கிவிடும்.

வாசிக்கும் முறையில் ஓர் ஒழுங்கு தேவை. முதலில் உரையைப் பாராமல் பாடலை வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். புரியாத சொல் வந்தால் நிற்க வேண்டாம். அடுத்து, சொற்களைப் பிரித்து அச்சிட்ட வடிவத்தைப் பார்த்து யார் யாரிடம் பேசுகிறார் என்பதை மட்டும் கண்டுபிடியுங்கள். தோழி செவிலித்தாயிடம் பேசுகிறாளா, தலைவி தோழியிடம் பேசுகிறாளா என்று தெரிந்தவுடன் பாடல் திறந்துகொள்ளும். அதன் பிறகே உரை. கடைசியாக, அந்தப் பாடல் சொல்லும் செய்தியை நம் ஊர்ப் பேச்சில் ஒரே வாக்கியமாக யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரே இதற்கு மிகப் பொருத்தமான ஆள். தலைவனைப் பற்றி அவர் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் உரையாசிரியர் சொல்வதைவிடக் காரமாக இருக்கும்.

முதல் பாடலிலேயே நம் கரை வந்துவிடுகிறது. தோழி செவிலியிடம், அடும்பின் பசுங்கொடி அறுபட, நெய்தல் மலர் சிதைய, மேடேறி இறங்கி வருகிறதே ஒரு தேர், அதைப் பார் என்கிறாள். உன் மகளின் நோய்க்கு மருந்தாகியவனுடைய தேர் அது என்று முடிக்கிறாள். அந்த அடும்பு வேறொன்றும் அன்று, நாம் அடப்பங்கொடி என்று சொல்லி மிதித்துக்கொண்டு போகிற கொடிதான். அரியமான் கரையில் சவுக்குத் தோப்பைத் தாண்டி மணல் தொடங்கும் இடத்தில் அது படர்ந்து கிடக்கிறது. குறுந்தொகைப் புலவர் ஒருவர் மானின் அடியோடு ஒப்பிட்ட அந்தப் பிளவுபட்ட இலையும், ஊதாப் பூவும் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. பாடலை வாசித்த அன்றே போய் அந்த இலையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் தொண்ணூற்றுச் சொச்சம் பாடல்களும் பாடப்புத்தகத்துப் பாடல்களாகத் தோன்றமாட்டா.

ஏழாம் நாள் தொடங்கும் மூன்றாவது பத்தில் எல்லாப் பாடல்களும் ஒரே அடியில் தொடங்குகின்றன: உன் உறவுக்காரியை நாங்கள் பார்த்தோம் அல்லவா என்று தலைவனை நோக்கிய பேச்சு. அவற்றுள் 124ஆம் பாடல் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தமானது. அவள் மணலில் செய்த பாவையைக் கடல் கவர்ந்துகொண்டது. சினந்தவள் நுண்மணலை அள்ளி அள்ளி வீசிக் கடலைத் தூர்க்கப் பார்க்கிறாள். மூன்றே அடிக்குள் இது நடந்து முடிந்துவிடுகிறது. கரையில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்த எவரும் இந்தச் சினத்தை நேரில் கண்டிருப்பார்கள்.

இந்தப் பத்தில் 129, 130ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஏடுகளில் அவை அழிந்து போயின. எட்டுப் பாடல்களே எஞ்சியிருப்பதால் ஒன்பதாம் நாள் வாசிப்புக்கு ஒரு பாடலே இருக்கும், இரண்டு பாடலின் இடம் காலியாக இருக்கும். அன்றைக்கு அந்த இரண்டு பாடல்களையும் நீங்கள் எழுதிப் பாருங்கள். தொடக்க அடி கையிலேயே இருக்கிறது. அடுத்த இரண்டு அடியில் அவளை எங்கே, என்ன செய்துகொண்டிருக்கக் கண்டீர்கள் என்று சொன்னால் போதும். யாப்புத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. பாம்பன் பாலத்துக்குக் கீழே, தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைச் சுற்றி வரும் நடைமேடையில், கீழக்கரைச் சந்தில் என்று எந்த இடத்தையும் வைத்துக்கொள்ளலாம். கவிதை எழுதத் தெரியாது என்று சொல்பவர்கள்கூட இந்த இரண்டடியை எழுதிவிடுவார்கள், ஏனெனில் இங்கே கேட்கப்படுவது ஒரு காட்சி மட்டுமே.

ஆறாவது பத்து வெள்ளாங்குருகைப் பற்றியது, ஏழாவது சிறுவெண்காக்கையைப் பற்றியது. பதினாறாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரை இவை வருகின்றன. சிறுவெண்காக்கைப் பத்தில் ஒவ்வொரு பாடலும் பெருங்கடற் கரையிலுள்ள அந்தப் பறவையைச் சொல்லியே தொடங்கி, அதன்பின் அது என்ன செய்கிறது என்பதில் மட்டும் வேறுபடுகிறது. ஒரே பறவையைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் இப்படிப் பாட முடியும். அந்த மூன்று நாளும் கரையில் ஏதேனும் ஒரு பறவையை, கடற்காகமோ ஆலாவோ கொக்கோ, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அது என்ன செய்கிறது என்று நாளுக்கு மூன்று செயல் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாவதான தொண்டிப் பத்தை வாசிக்கும்போது ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டும். அம்மூவனார் பாடிய தொண்டி மேற்குக் கரையில் இருந்த சேரர் துறைமுகம். நம் திருவாடானை வட்டத்துத் தொண்டி அன்று. ஆனாலும் அந்த நாள்களில் நம் தொண்டிக்குப் போய் வருவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. தேய்பிறை அட்டமியை ஒட்டிய பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. போகும் வழியில் காரங்காட்டில் இறங்கினால் அலையாத்திக் காட்டுக்குள் படகில் சென்று வரலாம். மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதைப் படகிலிருந்தே பார்க்க முடியும்.

கடைசிப் பத்து வளைப் பத்து. சங்கை அறுத்துச் செய்த வளையல்தான் அந்த வளை. மன்னார் வளைகுடாவில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தவர்கள் சங்கு குளித்த வரலாறு நெடியது என்பதால் இந்தப் பாடல்களை நம்மவர்கள் சற்று உரிமையுடனேயே வாசிக்கலாம். வைகை கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் நடந்த அகழாய்வுகள் உரோமானியர்களுடன் வணிகம் நடந்த ஒரு பழந்துறைமுகத்தை வெளிக்கொண்டு வந்தன. இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் இராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சுவரோவியங்களுக்காக அங்கே போகிறவர்கள் காட்சிப் பேழைகளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

கரையில் அரை மணி நேரம்

பார்த்துக்கொண்டிருக்க ஓர் இடம் வேண்டும் என்றேன். அது உங்கள் வீட்டிலிருந்து எளிதாகப் போய்ச் சேரக்கூடியதாக இருக்கட்டும். தனுஷ்கோடி அழகானது என்பதற்காக மண்டபத்தில் இருப்பவர் நாள்தோறும் அங்கே போக நினைத்தால் மூன்றாம் நாள் போகமாட்டார். வடக்குப் பக்கத்துப் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் தெற்குப் பக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் நம்மவர்கள் சொல்வார்கள். தை, மாசியில் எந்தப் பக்கமும் அமரலாம். நீர் வற்றும் நேரத்தை ஊரில் கடலுக்குப் போகிற ஒருவரிடம் முதல் நாள் கேட்டுக்கொண்டால், பிறகு நாளுக்கு 50 நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம்.

என்ன பார்ப்பது என்று மலைக்க வேண்டாம். நீர் பின்வாங்கிய ஈர மணலில் கடுகளவிலிருந்து மிளகளவு வரையுள்ள மணல் உருண்டைகள் ஒரு சிறு துளையைச் சுற்றிக் கதிர்போல் பரவிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் அருகே ஆறேழு அடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். சிறிது நேரத்தில் விரல்நுனி அளவேயுள்ள ஒரு நண்டு வெளியே வரும். இரண்டு கைகளாலும் மாறி மாறி மணலை வாய்க்குள் தள்ளும். அதில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உணவை மட்டும் பிரித்துக்கொண்டு, எஞ்சிய மணலை உருண்டையாக்கி ஒதுக்கிவிட்டு ஓரடி நகரும். நகர்ந்து போகும் பாதை எப்போதும் வளைக்குத் திரும்பும் நேர்வழியாகவே இருக்கும். உங்கள் நிழல் விழுந்தால் ஒரு நொடியில் உள்ளே போய்விடும். நீர் மீண்டும் ஏறும்போது அந்த உருண்டைகள் எல்லாம் கரைந்துவிடும். மறு வற்றத்தில் நண்டு முதலிலிருந்து தொடங்கும். ஒரு நண்டின் வேலையை அரை மணி நேரம் பார்த்த பிறகு பென்சிலால் அந்த உருண்டை வரிசைகளை வரைந்து பாருங்கள். புகைப்படம் எடுத்தால் அது கைபேசியில் கிடக்கும். வரைந்தால் எத்தனை வரிசை, எந்தப் பக்கம் அடர்த்தி என்று எண்ண வேண்டியிருக்கும், அப்படி எண்ணும்போதுதான் பார்த்தது மனத்தில் நிற்கிறது.

வரையச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கே கண்டதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவது கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் உள்ளடக்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியின்றித் தீவுகளில் கால் வைக்கக் கூடாது. பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை போன்றவை செத்துக் கரை ஒதுங்கியிருந்தாலும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி எடுத்து வைத்துக்கொள்வது குற்றம். சட்டத்தில் இடம்பெற்ற சிப்பி வகைகளும் பல உள்ளன. சாதாரணச் சிப்பியும் துறவி நண்டுக்கு வீடாகிறது என்பதால் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது. தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். விடியற்காலையில் கடலிலிருந்து மணல்மேட்டுக்கு ஏறிச் சென்று திரும்பிய அகலமான துடுப்புத் தடத்தைக் கண்டால் தோண்டிப் பார்க்காமல் வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள். நீருக்குள் கால் வைத்தால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடப்பது திருக்கையிடமிருந்து காக்கும். கரையில் கிடக்கும் சொறிமுட்டை (இழுதுமீன்) செத்ததுபோல் தோன்றினாலும் தொட வேண்டாம்.

கரை பலருக்கு வேலை செய்யும் இடம் என்பதையும் மறக்கலாகாது. வலை இழுக்கும் இடத்தில், வத்தையையும் வல்லத்தையும் கரையேற்றும் பாதையில் உட்கார்ந்துகொண்டு நோட்டு விரிப்பது நாகரிகம் அன்று. விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வரும் பெண்ணுக்கு மறுபடியும் கடற்கரையில் உட்காரச் சொல்வதும் பொருந்தாது. அவருக்குத் தோதான இடம் மாலையில் வேப்பமரத்தடியாகவோ கண்மாய்க் கரையாகவோ இருக்கலாம். சக்கரக்கோட்டைக் கண்மாய் இராமநாதபுரத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அங்கே பறவைகளுக்குக் குறைவில்லை.

ஓலைக்குத் தண்ணீர் காட்டுதல்

கைவேலைகளில் பனை ஓலை முடைவதையே நான் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம், மூலப்பொருள் சாயல்குடி, கடலாடிப் பக்கத்துப் பனைக்கூட்டங்களில் அருகிலேயே கிடைக்கிறது, செலவு அற்பம், கற்றுத்தர ஆளும் உண்டு. ஓலைப்பெட்டியும் கொட்டானும் விசிறியும் முடையத் தெரிந்த மூத்த பெண்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு கூடை வாங்கச் செல்லும் சாக்கில் அருகில் உட்கார்ந்தால் அவர்களே ஒரு ஓலையைக் கையில் திணித்துவிடுவார்கள். அவர்கள் நேரத்துக்கு உரிய பணத்தைக் கொடுப்பது முறை. பழக்கத்துக்காக இலவசமாகக் கேட்க வேண்டாம்.

குருத்தோலையை வாங்கி, ஓலையின் ஒவ்வொரு இலக்கிலும், அதாவது தனி இதழிலும், நடுவில் உள்ள ஈர்க்கை நீக்கி, இரண்டு பக்கத்தையும் விரல் அகலத்துக்கு ஒரே சீராகக் கிழித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டால் வெளுத்து உலர்ந்துவிடும். பச்சையாகவே முடைந்தால் பின்னர் ஓலை சுருங்கி இடைவெளி விழும். அதேபோல் காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் ஒடியும். ஆகவே முடைவதற்கு முந்திய இரவு நீர் தெளித்து ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். "ஓலைக்குத் தண்ணி காட்டணும் தாயி, குளிப்பாட்டக் கூடாது" என்று எங்கள் தெரு அப்பத்தா ஒருவர் சொல்வார். ஊறிப்போன ஓலையும் காய்ந்தபின் தளர்ந்துவிடும் என்பதே அதன் பொருள். மடித்துப் பார்த்தால் ஒடியாமலும், பிழிந்தால் நீர் சொட்டாமலும் இருப்பதே சரியான பதம்.

முதல் வாரத்தில் ஓலையை உலர்த்தி, ஒரு கீற்றை நுனி கத்தரித்து, வாசிக்கும் நூலுக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் அந்தப் பாடல்கள் முழுவதும் ஓலையில்தான் இருந்தன. இரண்டாம் வாரம் தடுக்கு. எட்டுக் கீற்றுகளை நெடுக்காக அருகருகே பரப்பி, மேல் முனைகளின் மீது ஒரு கனமான பலகையை வையுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் கீற்றுகளைத் தூக்கி மடித்து, குறுக்கே ஒரு கீற்றைப் படுக்க வைத்துத் தூக்கியவற்றைக் கீழிறக்குங்கள். அடுத்து இரண்டு, நான்கு, ஆறு, எட்டைத் தூக்கி இன்னொன்றை வையுங்கள். ஒவ்வொரு குறுக்குக் கீற்றையும் முந்தியதோடு விரல்நுனியால் நெருக்கித் தள்ள வேண்டும். இழுத்தால் ஓரம் கோணிவிடும். எட்டும் முடிந்தபின் நீண்டு நிற்கும் முனைகளை மடித்து, அடியில் உள்ள பின்னலுக்குள் செருகினால் தடுக்கு தயார். சுடுபாத்திரம் வைக்க அது போதும். நான்கு மூலையையும் எழுப்பிப் பெட்டியாக்குவதைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. அதற்கு ஒரு மூத்த கையின் அருகில் உட்கார்ந்தே ஆக வேண்டும், மூன்றாம் நான்காம் வாரங்களை அதற்கே விட்டுவிடுங்கள்.

குறிப்பேடும் விடுபட்ட நாள்களும்

நாளுக்கு ஒரு வாக்கியம் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதாமல், எது மகிழ்ச்சி தந்ததோ அதை மட்டும் எழுதுங்கள்: கருப்பட்டிக் காப்பியில் இன்று சுக்குச் சற்றுத் தூக்கலாக இருந்தது, பேரன் 124ஆம் பாடலைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் கடலைத் தூர்த்து முடித்தாளா என்று கேட்டான், தெற்கே ஒரு மேகத் திட்டு மட்டும் நெடுநேரம் சிவந்திருந்தது. திதியை ஓரத்தில் குறித்துக்கொண்டால் அடுத்த ஆண்டு அதே திதியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காய்ச்சல் வரும், விருந்தாளிகள் வருவார்கள், பிள்ளைகளுக்குத் தேர்வு வரும். விடுபட்ட நாளின் பாடல்களை மறுநாள் சேர்த்துப் படிக்க முயல வேண்டாம். அந்த நாளுக்கு உரியதை அப்படியே விட்டுவிட்டு அன்றைய திதிக்கு உரியதற்கு வந்துவிடுங்கள். கடன்போலப் பாக்கி சேர்வதுதான் இத்தகைய முயற்சிகளை நிறுத்திவிடுகிறது. விடுபட்ட பாடல்கள் நூலில்தான் இருக்கின்றன.

தை தவறிவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. பங்குனி அமாவாசைக்குப் பிறகு தொடங்கினால் வெயில் ஏறிவிடும் என்பதால் கரைக்கு விடியற்காலை வற்றத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதநீரும் நுங்கும் வரும் காலம் அது, ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால் துறைமுகங்களில் வலை சீர் செய்பவர்களிடம் பேச நேரம் கிடைக்கும். ஆடியில் தென்மேற்குக் காற்றால் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிப்பு மிகுதி; தேவிபட்டினம், தொண்டிப் பக்கமே அமர ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழாகி வடகரை முரடாகிவிடும், ஓலையும் காயாது. அந்த மாதங்களில் நூலை மட்டும் எடுத்துக்கொண்டு, முந்திய கோடையில் உலர்த்திச் சுருட்டிப் பரணில் போட்ட ஓலை இருந்தால் அதை வைத்து முடையலாம்.